பட்டறைக் கணக்கும் தோட்டக் கணக்கும்

ஒரு பொருள் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதை அறிவது எளிது. விற்பனைச் சீட்டைப் பார்த்தால் போதும். அதனைச் செய்து முடிக்க உண்மையில் என்ன செலவாயிற்று என்பதை அறிவது அத்துணை எளிதன்று. ஓர் இரும்புப் பட்டறையில் ஒரே நாளில் நாலைந்து வேலைகள் நடைபெறும். ஒரே பித்தளைத் தகட்டிலிருந்து இரண்டு தோட்டங்களுக்கு வேண்டிய உறுப்புகள் வெட்டப்படும். ஒரே தொழிலாளி காலையில் ஒரு வேலையிலும் பிற்பகலில் மற்றொரு வேலையிலும் ஈடுபட்டிருப்பார். மாத முடிவில் தகட்டுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று மொத்தச் செலவு தெரிந்துவிடும். ஆனால், அம்மொத்தத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு உரியது என்பது, அன்றன்று எழுதி வைத்தாலன்றித் தெரியவே தெரியாது. இவ்வாறு வேலைக்கு வேலை ஆக்கச் செலவைப் பிரித்து எழுதும் முறையே தனிவேலைக் கிரயக் கணக்கு எனப்படும். கிரயம் என்ற சொல் இங்கே ஆக்குவதற்கு ஆகும் செலவைக் குறிக்கும்.

இம்முறையின் இயல்பை விளங்கிக்கொள்வதற்குப் பதுளையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும் மிகப் பொருத்தமான களம் ஆகும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று விரியும் அம்மலைநாட்டில் மூவகை வேலைகள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் இடைவிடாது ஒரே பொருள் ஆக்கப்படுகிறது. அத்தொழிற்சாலையின் இயந்திரங்களைச் செப்பனிடும் பட்டறையில் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு விதமாக அமைகிறது. மலையிலோ கொழுந்து பறித்தல், கவ்வாத்து, கான் வெட்டுதல், புதுக்கன்று நடுதல் என்று பலதிறப்பட்ட வேலைகள் ஒரே ஆள்களைக் கொண்டு நடத்தப்படுகின்றன. இம்மூன்றையும் ஒரே கணக்கு முறையால் அளக்க முடியாது. எது எங்கே பொருந்தும் என்று தெரிந்து எழுதுவதே கணக்கரின் கடமை.

பட்டறை வேலை மலைநாட்டில் வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்திலேயே, 1854ஆம் ஆண்டில், ஜான் வாக்கர் என்பவர் கண்டியில் இயந்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் பின்னர், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலைகளெங்கும் பரவிற்று. 1875இல் அட்டனில் பிரவுன் கம்பெனி தோன்றியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். கொழுந்தைச் சுருட்டும் ரோலர்கள் இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோ நகரத்திலிருந்தும், ‘சிரோக்கோ’ என்ற உலர்த்தி இயந்திரங்கள் பெல்பாஸ்ட் நகரத்திலிருந்தும் கப்பலேறி வந்தன. அவை கொழும்பிலிருந்து மலைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. இரயில் பாதை பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலுமே எட்டியது. அத்தகைய இயந்திரத்தில் ஓர் உறுப்பு முறிந்தால், மாற்று உறுப்பு கப்பலில் வரும்வரை கொழுந்து காத்திராது. பறித்த கொழுந்து அன்றே வாட்டப்பட வேண்டும். ஆதலால் முறிந்ததை அருகிலேயே வார்த்தோ கடைந்தோ ஒட்டியோ கொடுக்கும் பட்டறைகள் இன்றியமையாதவை ஆயின. இன்று வந்த வேலை நாளை வாராது. ஒவ்வொன்றுக்கும் தனி அளவு, தனி உலோகம், தனி நேரம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கும் வேண்டியதாயிற்று.

தனிவேலைக் கணக்கின் முதற்படி, வேலைக்கு ஓர் எண் இடுவது. தோட்டத்திலிருந்து கட்டளை வந்ததும் அதற்கென ஒரு கிரயத்தாள் திறக்கப்படும். அத்தாளின் தலையில் வேலையின் எண்ணும், தோட்டத்தின் பெயரும், செய்ய வேண்டியது இன்னதென்ற விவரமும் எழுதப்படும். கீழே மூன்று பத்திகள் இருக்கும். ஒன்று நேர் மூலப்பொருளுக்கு, மற்றொன்று நேர்க்கூலிக்கு, மூன்றாவது பொதுச்செலவின் பங்குக்கு. வேலை முடியும்வரை அதன் பொருட்டு நிகழும் ஒவ்வொரு செலவும் அந்த எண்ணின் பெயராலேயே அத்தாளில் வந்து சேர வேண்டும்.

வந்து சேர்வதற்குச் சான்றுகள் வேண்டும். களஞ்சியத்திலிருந்து ஒரு தகடு வெளியேறும்போது வழங்கற் சீட்டு எழுதப்படுகிறது. எவ்வளவு எடை, என்ன விலை, எந்த வேலை எண் என்ற மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். தொழிலாளியின் உழைப்புக்கு நேரச்சீட்டு உண்டு. எந்த மணி முதல் எந்த மணி வரை எந்த வேலையில் இருந்தார் என்பதை அது சொல்லும். எஞ்சிய தகடு களஞ்சியத்துக்குத் திரும்பினால் அதற்கும் ஒரு திருப்பற் சீட்டு வேண்டும். பேரேட்டில் எத்துணைத் திறமையோடு பதிவுகள் செய்யப்பட்டாலும், இந்தச் சிறு சீட்டுகளில் உள்ள உண்மைக்கு மேற்பட்ட உண்மை அப்பேரேட்டில் இருக்க முடியாது.

பதிவுகளைக் காணுமுன் சொல் ஒன்றைத் தெளிவுபடுத்தல் நன்று. இலங்கைப் பாடநூல்களில் இரட்டைப் பதிவின் இடப்பக்கம் ‘வரவு’ என்றும், வலப்பக்கம் ‘செலவு’ என்றும் வழங்கப்படும். தமிழ்நாட்டிலோ இடப்பக்கத்தைப் ‘பற்று’ என்றும் வலப்பக்கத்தை ‘வரவு’ என்றும் கூறுவர். ஒரே சொல் இரு கரைகளிலும் எதிரெதிர்ப் பக்கங்களைக் குறிப்பதால், பதுளையில் படித்தவரும் மதுரையில் படித்தவரும் ஒரே பேரேட்டைப் பார்த்து மயங்க இடமுண்டு. இங்கு இலங்கை வழக்கே பின்பற்றப்படுகிறது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. பதுளை நகரில் ஒரு சிறு பட்டறை இருப்பதாகக் கொள்வோம். எண்கள் யாவும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை, சந்தை நிலவரமல்ல. ஒரு மாதத்தில் அப்பட்டறைக்கு இரண்டு வேலைகள் வருகின்றன. 47ஆம் எண் வேலை, ஒரு தோட்டத்தின் ரோலர் மேசைக்குப் புதிய பித்தளைத் தகடும் சட்டங்களும் பொருத்துவது. 48ஆம் எண் வேலை, மற்றொரு தோட்டத்தின் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு இரும்புச் சட்டகம் செய்வது.

முதலாவதாக, பட்டறை 600,000 ரூபாய்க்குப் பித்தளையும் இரும்பும் ஏனைய பொருள்களும் கடனுக்கு வாங்குகிறது. மூலப்பொருட் கணக்கில் 600,000 வரவு. கடன்கொடுத்தோர் கணக்கில் அதே தொகை செலவு. இந்நிலையில் எந்த வேலைக்கும் எதுவும் செலவாகவில்லை. களஞ்சியத்தில் கிடக்கும் தகடு வெறும் இருப்பு மட்டுமே. வாங்கிய நாளிலேயே அதனை ஏதேனும் ஒரு வேலையின் தலையில் ஏற்றுவது புதிய கணக்கர் பலரும் செய்யும் பிழை.

இரண்டாவதாக, பொருள்கள் களஞ்சியத்தை விட்டு வெளியேறுகின்றன. 47ஆம் வேலைக்கு 180,000 ரூபாய்ப் பித்தளை. 48ஆம் வேலைக்கு 140,000 ரூபாய் இரும்பு. எண்ணெய், அரத்தட்டு, துடைதுணி போன்ற பொதுப் பொருள்கள் 30,000 ரூபாய். முதலிரண்டும் சேர்ந்து 320,000 ரூபாய் ‘நடைமுறை வேலை’ என்ற கணக்கில் வரவாகும். பொதுப் பொருள்கள் எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாதவை. ஆகவே அவை பொதுச்செலவுக் கணக்கில் வரவாகும். மூலப்பொருட் கணக்கில் 350,000 ரூபாய் செலவு. சில நாள்களின் பின் 47ஆம் வேலையில் எஞ்சிய 12,000 ரூபாய்ப் பித்தளை களஞ்சியத்துக்குத் திரும்புகிறது. முன்செய்த பதிவு அந்த அளவுக்கு மறுதலையாகிறது. மூலப்பொருளுக்கு வரவு, நடைமுறை வேலைக்குச் செலவு. ஆக, 47ஆம் வேலைக்கு உண்மையில் ஏறியது 168,000 ரூபாய்.

மூன்றாவதாக, கூலி. அம்மாதத்தில் 750 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 400 ரூபாய் வீதம் 300,000 ரூபாய் ஆகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் நூற்றுக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்தும் 3 வீதமும் இந்த 400 ரூபாய்க்குள் அடங்கும். கையிற் கொடுக்கும் காசை மட்டும் கூலியென்று கணக்கிட்டால் கிரயம் குறைவாகத் தோன்றும். நேரச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் 47ஆம் வேலைக்கு 240 மணியும் 48ஆம் வேலைக்கு 360 மணியும் சென்றுள்ளன. மின்சாரம் தடைப்பட்டபோது காத்திருந்தது, பட்டறையைத் துப்புரவு செய்தது முதலியவற்றுக்கு 150 மணி. ஆகவே 47க்கு 96,000, 48க்கு 144,000 என்று 240,000 ரூபாய் நடைமுறை வேலையில் வரவாகும். எஞ்சிய 60,000 ரூபாய் பொதுச்செலவில் வரவாகும்.

நான்காவது பகுதியே இம்முறையில் நுட்பமானது. வாடகை, மின்சாரம், இயந்திரங்களின் பெறுமானத் தேய்வு ஆகியவை எந்த ஒரு வேலைக்கும் உரியவையல்ல. எல்லா வேலைகளுக்கும் உரியவை. இலங்கைக் கணக்கியல் நூல்கள் இத்தகைய பொதுச்செலவை ‘மேந்தலை’ என்று அழைக்கின்றன. மின்கட்டணச் சீட்டு மாதம் முடிந்த பின்னரே வரும். தோட்டத்துரையோ வேலை முடிந்த அன்றே விலையைக் கேட்பார். ஆதலால் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு மதிப்பீடு செய்துகொள்வது வழக்கம். ஆண்டு மேந்தலை 2,160,000 ரூபாய் என்றும், நேர் உழைப்பு 7,200 மணி என்றும் மதிப்பிட்டால், மணிக்கு 300 ரூபாய் வீதம் கிடைக்கும். இவ்வீதப்படி 47ஆம் வேலை 240 மணிக்கு 72,000 ரூபாயையும், 48ஆம் வேலை 360 மணிக்கு 108,000 ரூபாயையும் ஏற்கின்றன. நடைமுறை வேலைக்கு 180,000 வரவு. மேந்தலைக் கணக்குக்கு அதே தொகை செலவு.

இப்போது 47ஆம் எண் கிரயத்தாளைக் கூட்டலாம். பொருள் 168,000, கூலி 96,000, மேந்தலை 72,000; ஆக 336,000 ரூபாய். வேலை முடிந்ததும் அத்தொகை நடைமுறை வேலைக் கணக்கிலிருந்து நீங்கி முடிவுப்பொருட் கணக்குக்குச் செல்கிறது. தோட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கிருந்து விற்பனைக் கிரயத்துக்குச் செல்கிறது. ஒப்புக்கொண்ட விலை 420,000 ரூபாய் என்றால், கடன்பட்டோர் கணக்கில் அது வரவு, விற்பனைக் கணக்கில் செலவு. இவ்வேலையில் கிடைத்த மிகுதி 84,000 ரூபாய். முடிவுறாத 48ஆம் வேலையின் தாளில் இருப்பது 392,000 ரூபாய். மாத முடிவில் நடைமுறை வேலைக் கணக்கின் மீதியும் சரியாக 392,000 ரூபாயாகவே இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒத்திருப்பது, சீட்டுகளும் பேரேடும் ஒன்றோடொன்று இணங்குகின்றன என்பதற்குச் சான்று.

மேந்தலையின் கதை இன்னும் முடியவில்லை. உண்மையான மேந்தலை, பொதுப் பொருள் 30,000, பொது உழைப்பு 60,000, வாடகை முதலியன 100,000 என்று 190,000 ரூபாய் ஆயிற்று. வேலைகள் ஏற்றுக்கொண்டது 180,000 மட்டுமே. குறைந்த 10,000 ரூபாயை மறைத்துவிடலாகாது. அது மாத முடிவில் இலாபநட்டக் கணக்குக்கோ விற்பனைக் கிரயத்துக்கோ எடுத்துச் செல்லப்படும். அப்போது 84,000 ரூபாய் மிகுதி 74,000 ஆகிறது. இக்குறை மாதந்தோறும் நேர்ந்தால், மதிப்பீடு பிழையானதென்றோ பட்டறையில் வேலையின்றிக் கழியும் நேரம் மிகுதியென்றோ பட்டறைக்காரர் அறிந்துகொள்ளலாம்.

இவ்வளவு பதிவுகளும் எதற்காக என்று கேட்கலாம். ஒரு சிறு பிழையைக் கற்பனை செய்தால் விடை கிடைக்கும். 48ஆம் வேலைக்கு உரிய 40 மணியை மறதியாலோ சோம்பலாலோ 47ஆம் வேலையின் பெயரில் எழுதிவிட்டதாகக் கொள்வோம். கூலியில் 16,000 ரூபாய் இடம்மாறும். மேந்தலையும் மணிக்கணக்கையே பின்தொடர்வதால் இன்னும் 12,000 ரூபாயும் உடன் செல்லும். ஆக 28,000 ரூபாய் தவறான தாளில் அமரும். பட்டறையின் மொத்தச் செலவில் ஒரு சதமும் மாறவில்லை. பேரேடும் சமநிலையிலேயே இருக்கும். கணக்காய்வாளர் கூட்டிப் பார்த்தாலும் பிழை தென்படாது. ஆனால் பித்தளை வேலை 364,000 ரூபாய் என்றும், இரும்பு வேலை உள்ளதைவிட மலிவானதென்றும் பட்டறைக்காரர் நம்புவார். அடுத்த முறை பித்தளை வேலைக்குக் கூடுதலான விலை கூறி அதனை இழப்பார். இரும்பு வேலைக்குக் குறைந்த விலை கூறி, நட்டம் தரும் வேலைகளை வரிசையாகப் பெற்றுக்கொள்வார். ஆர்டர்கள் நிறைந்திருந்தும் கையில் காசு தங்காத பட்டறைகளின் கதை பெரும்பாலும் இதுவே.

மேலை நாடுகளிலும் இவ்வுண்மை துன்பத்தின் வழியாகவே உணரப்பட்டது. இங்கிலாந்தின் மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட், 1772இல் கடன் நெருக்கடி ஏற்பட்டு விற்பனை தளர்ந்தபோது, தம் பாண்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைத் தாமே ஆராயத் தொடங்கினார். ஆக்கம் கூடினும் குறையினும் மாறாத பொதுச்செலவுகள் எவ்வளவு என்று அவருக்கு அப்போதே புலனாயிற்று. கணக்கறையில் நடந்த கையாடலும் அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்டது. எனினும், பட்டறைச் சீட்டுகளையும் வணிகப் பேரேட்டையும் ஒரே கோவையாக இணைக்க வேண்டும் என்ற கருத்து, 1887இல் கார்க், பெல்ஸ் என்ற இருவர் தொழிற்சாலைக் கணக்கு பற்றி எழுதிய நூலின் பின்னரே வலுப்பெற்றது. மேலே கண்ட பதிவுகள் அந்த இணைப்பின் வழிவந்தவை.

பட்டறையை விட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் நிலைமை வேறுபடும். மலைகளில் வெவ்வேறு இலக்கங்களில் பறிக்கப்பட்ட கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு, ஒரே வாட்டும் தட்டில் பரப்பப்படுகிறது. அதன் பின் எது எந்த மலையின் கொழுந்து என்று யாராலும் கூற இயலாது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. இங்கே வேலை எண்ணுக்கு இடமில்லை. மாதச் செலவு முழுவதையும் மாத ஆக்கத்தால் வகுத்து, கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்று காண்பதே முறை. இதனைச் செய்முறைக் கிரயம் என்பர்.

ஆயினும் தேயிலைக்கும் ஓர் எண் உண்டே என்று சிலர் கருதலாம். கொழும்புக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகுதிக்கும் தரத்தின் பெயரும் இன்வாய்ஸ் எண்ணும் இடப்படுகின்றன. 1883 ஜூலை 30ஆம் நாள் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இன்றும் தொகுதி தொகுதியாகவே விலை கூறப்படுகிறது. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த கச்சான் காற்று வீசும் பருவத்தில் ஆக்கப்படும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. அத்தொகுதிகள் சிறந்த விலை பெறும். ஆனால் அந்த எண் காட்டுவது விலையை மட்டுமே. ஒரே சல்லடையில் பிரிந்த பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் ஆகிய தரங்களுக்குப் பிரியும் இடம் வரை ஒரே கொழுந்து, ஒரே விறகு, ஒரே உழைப்பு. அவற்றுக்கு வெவ்வேறு கிரயம் உண்டென்று காட்ட முயல்வது கற்பனையே. எண் இட்டதனால் மட்டும் ஒன்று தனிவேலை ஆகிவிடாது. செலவு உண்மையாகவே பிரிந்து நிகழ வேண்டும்.

தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் உள்ள தொடர்பு வேறொரு வகையில் கவனிக்கத்தக்கது. பட்டறைக்கு விற்பனையாக இருந்த 420,000 ரூபாய், தொழிற்சாலைக்குப் பராமரிப்புச் செலவாகிறது. சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளில், விற்பனையால் வரும் நிகரச் சராசரியில் நூற்றுக்கு 68 வீதம் கொழுந்து தந்தவர்க்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்ற பகிர்வு வழக்கில் உள்ளது. தொழிற்சாலை தன் செலவுகளை அந்த 32 வீதத்துக்குள் அடக்க வேண்டும். அங்ஙனம் அடக்க முடியாத தொழிற்சாலை நிலைக்காது. அருகிலுள்ள தொழிற்சாலை மூடப்பட்டால், அரை ஏக்கர் வைத்திருப்பவரின் கொழுந்து தொலைவுக்குச் சென்று வாடும். பட்டறையில் பிழையாக எழுதிய ஒரு நேரச்சீட்டு, கூடுதல் விலையாகி, தொழிற்சாலையின் சுமையாகி, இறுதியில் யாரோ ஒரு சிறுதோட்டக்காரரின் வாயிலையும் எட்டக்கூடும்.

இனி மலைக்கு வருவோம். தோட்டத்தின் மூத்த கணக்கேடு செக்றோல். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆள்கள் வேலைக்குப் பிரிக்கப்படுகிறார்கள். மாலையில் கணக்கப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் பேர் போடுகிறார். முழுப்பேர் என்றால் முழுநாட் கூலி. அரைப்பேர் என்றால் பாதி. தொழிலாளி குடும்பம் செக்றோலை இந்த ஒரு கண் கொண்டே பார்க்கும், அது நியாயமே. ஆனால் அதே பேர் வேறொரு கேள்விக்கும் விடை கூற வேண்டும். இன்று இவர் உழைத்தது எதற்காக? கொழுந்துக்கா, கவ்வாத்துக்கா, முள்ளுக் குத்துவதற்கா, கான் வெட்டுவதற்கா, பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நடுவதற்கா? எந்த இலக்க மலையில்?

இவற்றுள் புதுநடுகை முழுமையான தனிவேலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. குறிப்பிட்ட ஓர் இலக்கத்தில் தொடங்கி, நிலத்தைப் பண்படுத்தி, கன்று நட்டு, செடி பலன்தரும் நாள்வரை சில ஆண்டுகள் அதன் செலவு ஒரே கணக்கில் சேர்ந்து வர வேண்டும். அது இவ்வாண்டுத் தேயிலையின் செலவன்று. வருங்காலப் பல ஆண்டுகளின் சொத்து. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கீட்டு நியமத் திருத்தமும் தேயிலை போன்ற பலன்தரும் செடிகளைக் கட்டடம், இயந்திரம் ஆகியவற்றோடு ஒப்ப வைத்து, முதிரும்வரை கிரயத்தைச் சேர்த்து, பின்னர் ஆண்டுதோறும் தேய்மானம் எழுத இடமளிக்கிறது.

இங்கேதான் பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது. புதுநடுகையில் உழைத்த நூறு பேரைக் கொழுந்துக் கணக்கில் எழுதிவிட்டால், இவ்வாண்டு தேயிலையின் கிரயம் கிலோவுக்கு உயர்ந்ததாகத் தோன்றும். கான் வெட்டியதும், வீதி திருத்தியதும், லயத்துக் கூரை மாற்றியதும் அதே தலைப்பில் சேர்ந்தால் அது இன்னும் உயரும். தேயிலையின் கிரயத்தில் பெரும்பகுதி உழைப்பின் செலவு என்பது உண்மை. ஆனால் எந்த வேலையின் உழைப்பு என்று பிரித்தெழுதாத ஏட்டில், எல்லாச் சுமையும் கொழுந்து பறிப்பவரின் கூடைக்குள்ளேயே கொட்டப்பட்டிருக்கும். 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டபோதும், அதன் பின்னர் நடந்த கூலிப் பேச்சுகளிலும், கிலோ ஒன்றின் கிரயமே வாதத்தின் மையமாக இருந்தது. அந்த ஒற்றை எண்ணை ஏற்பவரும் மறுப்பவரும், அது எந்தப் பேர்களிலிருந்து திரண்டது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். செக்றோலில் சரியாகப் பிரித்து எழுதிய தோட்டத்தால்தான் அக்கேள்விக்கு விடையளிக்க முடியும். தோட்ட நிர்வாகத்துக்கும் இது நன்மையே. எந்த இலக்கம் பறிக்கத் தக்கது, எது மறுநடுகைக்கு உரியது, எந்த மலையைக் கைவிடலாம் என்ற முடிவுகள் இலக்கம் இலக்கமாக எழுதிய கிரயத்தின்மேல்தான் நிற்க முடியும்.

கணினி வந்துவிட்டது; இனி இவையெல்லாம் தாமாகவே நடக்கும் என்று எண்ணுவதும் பொருந்தாது. கணினி கூட்டலில் பிழை செய்யாது. மேந்தலையை நொடியில் பங்கிடும். ஆனால் 40 மணி எந்த வேலைக்குச் சென்றது என்பது அதற்குத் தெரியாது. அதனைத் தெரிந்தவர் கடைசல் இயந்திரத்தின் அருகில் நின்ற தொழிலாளியும், மலையில் நின்ற கங்காணியும், மடுவத்தில் தராசைப் பார்த்த கணக்கப்பிள்ளையுமே. அவர்கள் எழுதுவது பிழையானால், அப்பிழை அழகாக அச்சிடப்பட்ட தாளில் வெளிவரும், அவ்வளவே வேறுபாடு.

ஆதலால் இம்முறையைக் கைக்கொள்ள விரும்பும் சிறுபட்டறைக்காரர் பெரிய ஏடுகளோடு தொடங்க வேண்டியதில்லை. வேலை வந்ததும் எண் இடுதல், பொருள் களஞ்சியத்தை விட்டு வெளியேறும்போதே அந்த எண்ணைச் சீட்டில் எழுதுதல், எஞ்சியதைத் திருப்பியதும் அதனைக் குறித்தல், நேரத்தை மாலையில் நினைவிலிருந்து எழுதாமல் வேலை மாறும்போதே எழுதுதல், எந்த வேலைக்கும் உரியதல்லாத நேரத்தை அஞ்சாது தனியே காட்டுதல் ஆகிய ஐந்தும் போதும். ஒரு பள்ளிக் கொப்பியிலேயே இவற்றைத் தொடங்கலாம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் அதே விதி பொருந்தும். பேர் போடும் அதே கையால், அப்பேர் எந்த வேலைக்கும் எந்த இலக்கத்துக்கும் உரியது என்பதையும் அன்றைய மாலையிலேயே எழுதிவிட வேண்டும். மாத முடிவில் துரையின் மேசைக்குச் செல்லும் கிரயம், அந்த ஒரு வரியில் உள்ள அளவுக்கே உண்மையாக இருக்கும்.